தாலிக்கயிற்றைப் பிடித்த கை

குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலைக்கு நேர்காணல். பவளக்கொடி உள்ளே நுழைந்தபோது வாசலோரத் தொட்டிலில் ஒரு பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. அவள் பாட்டுக்கு அதைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு மேடத்தின் எதிரே போய் உட்கார்ந்தாள். முதுகில் நாலு தட்டுத் தட்டியதும், அது அவளுடைய தாலிக்கயிற்றைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு உறங்கிப்போனது.

"குழந்தை வளர்ப்புல சர்டிபிகேட் ஏதாச்சும் இருக்காக்கா?" மேடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மூணு பெத்தேம்மா. அக்கம்பக்கத்துப் புள்ளைங்களும் என் இடுப்புலதான் வளந்துச்சுங்க."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதை ஃபைல்ல வைக்க முடியாதேக்கா. பேப்பர் இல்லாம ஆள் எடுத்தா என் வேலைக்கே ஆபத்து."

பவளக்கொடிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பெத்தவளுக்கெல்லாம் யாரும்மா பேப்பர் குடுத்தா?" என்றாள், அதையும் பிள்ளையின் காதில் விழாமல். "சரி, புள்ளைய வாங்கிக்குங்க. நான் கெளம்பறேன்."

மேடம் எழுந்து வந்து அந்தக் குட்டி விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பிடி இன்னும் இறுகியது. கயிற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டா போக முடியும்?

கையில் ஃபைலோடு கதவருகே எட்டிப்பார்த்த அடுத்த பெண்ணை, மேடம் சைகையாலேயே வெளியே நிற்கச் சொன்னாள். பிறகு தனக்கு வந்த டீயை ஊதி ஆற்றி, பவளக்கொடியின் உதட்டருகே கொண்டுபோனாள்.

"இதைக் குடிச்சுட்டுக் கெளம்பிடறேம்மா."

"உஷ்," என்றாள் மேடம். "பேசாம உக்காருங்கக்கா. முழிச்சுக்கப் போறான்."