மேட்டடியில் நிற்கும் எஞ்சின்

ஒரே மாதத்தில் நான்காவது முறையாக ஜுரான்டிரின் பகி வண்டி என் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

கூரை கிடையாது, எஞ்சின் பின்பக்கம். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு எங்கள் கடற்கரை ஊரான ஜெனிபாபுவின் மணல்மேடுகளில் ஏறி இறங்குவதுதான் அந்த வண்டியின் பிழைப்பு. ஜுரான்டிரின் பிழைப்பும் அதுதான்.

"கடற்கரையில பறக்குது. பெரிய மேட்டுக்குக் கீழ வந்ததும் பொசுக்குன்னு அணைஞ்சிடுது," என்றான். "அஞ்சு நிமிஷம் விட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. எனக்கு என்னடா தெரியும், நீதானே டாக்டரு."

சூடானால் நிற்பதும் ஆறினால் ஓடுவதும் பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் காயில் கெட்டதன் குணம். காயிலை மாற்றினேன்; மேட்டடியில் மறுபடியும் நின்றது. கார்பரேட்டரைக் கழற்றி மணலை ஊதினேன். அப்புறமும் நின்றது. பெட்ரோல் பம்பு, பிளக், டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் துளை என்று ஒன்றையும் விடவில்லை.

நான் ஓட்டிப் பார்த்தால் சமர்த்தாக மேடு ஏறியது. செவ்வாய்க்கிழமை நான்கு கல்லூரிப் பையன்களோடு பறந்தது. புதன்கிழமை ஒரு தம்பதியோடு நின்றது. அதே மேடு, அதே வெயில், அதே எஞ்சின். முப்பது வருஷ மெக்கானிக்குக்கு மண்டை குழம்பிவிட்டது.

வண்டிக்காரர் சங்கத் தலைவி இவோனெட்டி பட்டறைக்கே வந்துவிட்டாள். பயணிகளிடமிருந்து தினம் ஒரு புகாராம்.

"அடாவுட்டோ, கோளாறு எதுலன்னு சனிக்கிழமை எழுதிக் கொடுத்துரு. வண்டியில கோளாறுன்னா ஜுரான்டிரோட நம்பரை எடுத்து, காத்துக்கிட்டிருக்கிறவனுக்குக் கொடுத்துருவேன். உன் வேலையில கோளாறுன்னா, எங்க வண்டி ஒண்ணுகூட இனி உன் பட்டறைக்கு வராது."

நம்பர் போனால் அந்த மணலில் பயணி ஏற்ற முடியாது. ஐம்பத்தெட்டு வயசில் ஜுரான்டிருக்கு வேறு தொழில் தெரியாது. எனக்கும் சங்கத்து வண்டிகளை விட்டால் வேறு வேலை அதிகம் கிடையாது.

சனிக்கிழமை காலை நானும் வண்டியில் ஏறி, ஜுரான்டிர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் சாவோ பாலோவிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் எல்லோரும் கிளம்பும் முன் கேட்பதை ஜுரான்டிரும் கேட்டான்.

"திரில்லோட போகலாமா, திரில் இல்லாமலா?"

"திரில்லோடதான். அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கோம்," என்றார் கணவர். மனைவி சிரித்தார்.

வழியெல்லாம் நான் காதை எஞ்சின் பக்கமே வைத்திருந்தேன். ஒரு பிசிறு இல்லை. பெரிய மேட்டின் அடிக்கு வந்ததும், பொசுக்.

அப்போதுதான் பார்த்தேன். ஜுரான்டிரின் இடது கை, இருக்கைக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தது.

அவன் இறங்கிப் பின்னால் போனதும் நான் அடியில் தடவினேன். ஒரு சின்ன சுவிட்ச். அதிலிருந்து ஒரு ஒயர், மற்ற ஒயர்க் கட்டுக்குள் ஒளிந்து, காயிலுக்குப் போகும் ஒயரில் சேர்ந்தது. தட்டினால் எஞ்சின் அணைந்துவிடும்.

கணவர் கத்திக்கொண்டிருந்தார். ஓட்டை வண்டி என்றார், புகார் கொடுப்பேன் என்றார். ஜுரான்டிர் தலையைக் குனிந்துகொண்டு, எஞ்சின் பழசு, மேடு ஏறாது, குளத்துப் பக்கம் மெதுவாகப் போகலாம் என்று கெஞ்சினான்.

"பரவாயில்லை விடுங்க. குளம் பார்க்கலாம்," என்றார் மனைவி. காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எனக்கோ ரத்தம் கொதித்தது. இவனுக்கு வயசாகி மேட்டைக் கண்டால் தொடை நடுங்குகிறது. பழியை எஞ்சின்மேல், அதாவது என்மேல் போடுகிறான். அவர்களை இறக்கிவிட்டதும் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நாளா இந்த நாடகம்? பயமா இருந்தா வீட்டுல உட்கார வேண்டியதுதானே."

அவன் என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பி ஒரே மூச்சில் பெரிய மேட்டில் ஏற்றி, செங்குத்துப் பக்கமாகச் சறுக்கிக் கீழே கொண்டுவந்து நிறுத்தினான்.

"நீ எஞ்சினையே கேட்டுக்கிட்டு வந்தே," என்றான். "அந்தம்மா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, முணுமுணுன்னு ஜெபம் சொல்லிக்கிட்டே வந்தாங்களே, அது கேட்டுச்சா?"

கேட்கவில்லை.

"திரில் வேணுமான்னு நாம கேக்கறது ரெண்டு பேரையும். பதில் ஒருத்தர் வாயிலிருந்துதான் வருது. அந்தம்மா பயந்துட்டாங்கன்னு நான் சொன்னா, ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அவர் கேலி பண்ணியே கொன்னுடுவார். பயந்தது எஞ்சின்னு இருந்துட்டுப் போகட்டுமே."

என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று சண்டை போட்டேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன் என்றான். சிரித்திருப்பேன்தான்.

இவோனெட்டியிடம் சொன்னால், பயணிகளை ஏமாற்றியதாகச் சொல்லி சுவிட்சையும் பிடுங்குவாள், நம்பரையும் பிடுங்குவாள். அதுவும் எனக்குத் தெரியும்.

மதியம் அவள் தாளை நீட்டினாள். "வண்டியிலயா, உன் வேலையிலயா?"

பட்டறையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்:

"எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை. தப்பெல்லாம் மெக்கானிக்குடையது."