கிராணியின் மீசையும் பொபேயின் மூன்றாம் வெற்றியும்

ஸுல்கிஃப்லியின் தோளில் துப்பாக்கி தொங்கியது. கையில் சவரக்கத்தி பளபளத்தது. முள்கம்பி கேட்டுக்கு முன்னால் நின்ற டீத் தோட்டத்துக் குமாஸ்தா கொர்னேலியஸ் கிராணி, தம் மீசையைக் கடைசி முறையாகத் தடவிக்கொண்டார்.

"என்ன கிராணி, பேப்பர் பாத்தீங்கதானே? பொபே மூணாவது வருஷமும் ஜெயிச்சிட்டாரு. வார்த்தைன்னா வார்த்தைலா!"

ஐம்பத்தைந்தாம் வருஷத்து ஆகஸ்டு மாதம், கேமரன் மலையின் காலைக் குளிர். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் நாற்பது பேர் முதுகில் கூடையோடு வரிசையில் நின்றார்கள். மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடிச் சோறுகூடத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வேலியைத் தாண்டக் கூடாது.

கூடைகளைத் துழாவிப் பார்ப்பது ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஸுல்கிஃப்லியின் வேலை. அவன் ஒழுங்காகத் துழாவுகிறானா என்று நாற்காலி போட்டுப் பார்ப்பது வெள்ளைக்கார சார்ஜனின் வேலை. பெயர் கூப்பிடுவது மட்டும்தான் கிராணியின் வேலை.

அந்த வேலையோடு நின்றிருந்தால் மீசைக்கு ஆபத்து வந்திருக்காது. துரை பங்களாவில் கழித்துப் போட்ட இங்கிலீஷ் பத்திரிகைகளைப் படித்துவிட்டு, இந்தப் பத்தாண்டின் தலைசிறந்த சைக்கிள் பந்தய வீரர் இத்தாலிக்காரர் கோப்பிதான் என்று இரண்டு மாதத்துக்கு முன் இதே கேட்டில் தீர்ப்புச் சொன்னார். "இல்ல கிராணி, பிரெஞ்சுக்காரர் பொபேதான்" என்றான் ஸுல்கிஃப்லி. பிரிஞ்சாங்கில் அவன் வாப்பா கடைக்குச் சாமான் சுற்றி வந்த காகிதத்தில் படித்தது.

அன்று பிடித்த சண்டை. இரண்டு பேருமே ஒரு பந்தயத்தையும் கண்ணால் கண்டதில்லை. கிராணியிடம் சைக்கிள் ஒன்று உண்டு. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் பயம்; அதனால் இரண்டிலும் தள்ளிக்கொண்டேதான் போவார்.

ஆனாலும் பேச்சு பேச்சுதான். "ஒரே வருஷத்துல இத்தாலிப் பந்தயம், பிரான்ஸ் பந்தயம் ரெண்டையும் அடிச்சவரு தம்பி கோப்பி!" என்று தமிழில் ஒரு வரி சொன்னால், சார்ஜனுக்காக இங்கிலீஷில் நாலு வரி சொல்வார். சார்ஜனுக்கும் சைக்கிள் பைத்தியம். பேச்சு சூடு பிடித்ததும் நாற்காலியைக் கிராணி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வரிசை தன்பாட்டில் நகரும்.

பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "ஐயா, நேத்து அந்த மலையேத்தத்துல பாதியில விட்டீங்களே, அப்புறம் என்ன ஆச்சு?" என்று மணியம்மா தினமும் எடுத்துக் கொடுப்பாள். அவளுக்கு ஏழு மாத வயிறு. "டீத் தோட்டத்துல நின்னுக்கிட்டு கோப்பிக்கு இம்புட்டுப் பரிஞ்சு பேசறாரே!" என்று பின்னால் தங்கம்மா சிரிப்பாள்.

மத்தியானத்துக்கு எஸ்டேட் கொடுக்கும் நாலு பிஸ்கட் எந்த மூலைக்கு என்று முன்பு கூச்சல் போட்டவர்கள், இந்த இரண்டு மாதமாக வாய் திறக்கவில்லை. 'அறிவுப் பசி வந்ததும் வயிற்றுப் பசி அடங்கிவிட்டது' என்று கிராணி துரைக்குக் குறிப்பே எழுதி அனுப்பினார்.

அந்தத் தெம்பில்தான் போன மாதம் வாயை விட்டார். "பொபே இந்தத் தடவையும் பிரான்ஸ்ல ஜெயிச்சா, இதே கேட்டுல மீசைய எடுத்துடறேன்."

இப்போது கிராணி தொண்டையைச் செருமினார். சார்ஜன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். வரிசை நகர ஆரம்பித்தது. கோப்பியின் பிறப்பிலிருந்து தொடங்கிக் கால்மணி நேரம் பேசிய கிராணி, திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா, உண்மைன்னு ஒண்ணு இருக்கே..."

"அவசரப்படாதீங்க கிராணி. அம்பத்திரண்டுல கோப்பி என்னா போடு போட்டாரு, அத இன்னும் சொல்லலியே?" என்று ஸுல்கிஃப்லியே எடுத்துக் கொடுத்தான்.

கிராணி கையை உயர்த்தி அவனை அடக்கினார். காலையில் கண்ணாடி முன் இரண்டு முறை சொல்லிப் பார்த்த வசனம் அது, விடுவாரா?

"சகோதரிகளே! உண்மையான அறிஞன் தோல்விக்கு அஞ்ச மாட்டான். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்ற பொபேயே பெரியவர். விவாதம் முடிந்தது!" அதையே சார்ஜனுக்கு இங்கிலீஷிலும் சொன்னார்.

கைதட்டலுக்காகக் காத்திருந்தார். ஒரு கைகூடத் தட்டவில்லை.

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்கய்யா!" மணியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. தங்கம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். தம் மீசைக்காக இத்தனை பேர் துடிக்கிறார்களே என்று கிராணிக்குக் கண் கலங்கியது.

சார்ஜன் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார். பிறகு, நாற்காலியைப் பழையபடி வரிசைப் பக்கம் திருப்பப் போனார்.

கிராணி கண்களை மூடி முகத்தை நீட்டினார். "எடுத்துக்க தம்பி. ஜெயிச்சவன் நீ."

ஸுல்கிஃப்லி சவரக்கத்தியோடு நெருங்கி வந்தான். உதட்டின் மேல் கத்தி படவில்லை. காதில் அவன் மூச்சுதான் பட்டது.

"மீசைய நீங்களே வச்சிக்கிங்க கிராணி, சட்டுனு எதையாச்சும் பேசுங்க. இன்னும் பதினேழு கூடையில சோறு இருக்குலா!"