மஞ்சள்தாடி குடியிருந்த பொந்து

காலை பத்து மணிக்கு, மண்ணோடு சரிந்து பொந்தை அடைத்திருந்த கடைசிக் கல்லையும் வேலையாட்கள் புரட்டிவிட்டார்கள்.

வெனான்சியோ மட்டும் கல்லைத் தொடவில்லை. கோபுரத்தின் கீழ்ப்படியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காவல்காரன் கல் புரட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பதினெட்டு வருடமாக இந்த மாயர் இடிபாடுகளுக்கு அவன்தான் காவல். ஏரிக்கரையிலிருந்து ஜீப்பில் வரும் பயணிகள் படியேறுவார்கள். குரங்குகளின் அலறலைப் புலி என்று நினைத்து நடுங்குவார்கள். அப்புறம் மேற்குப் பக்கத்தில் கல் அடைத்துக் கிடக்கும் பொந்தைக் காட்டி, அது என்ன என்று கேட்பார்கள்.

"திருட்டுப் பயலுக தோண்டினதுங்க. இப்ப மஞ்சள்தாடிப் பாம்பு குடியிருக்கு."

அந்தப் பாம்பின் பெயரைச் சொன்னால் இந்தக் காட்டிலேயே பிறந்தவன்கூட இரண்டடி பின்னால் போவான்.

பாம்பெல்லாம் கிடையாது. உள்ளே அவன் அண்ணன் இருந்தான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், இதே அக்டோபர் மழையில், அண்ணன் அனஸ்தாசியோவும் அவனும் சேர்ந்து தோண்டிய பொந்து அது. ராஜாவின் சமாதியில் வண்ணக் குடுவைகள் இருக்கும், விற்றால் வீட்டுக்குத் தகரக் கூரை போடலாம் என்று கணக்கு. அந்தக் காலத்தில் ஊரில் தோண்டாதவன் யார்?

அண்ணன் உள்ளே போய் வெட்டினான். இவன் வாயிலில் நின்று மண்ணை வாரினான். ஈரம் தாங்காமல் நடுவே மண் சரிந்து வழி அடைத்துக்கொண்டது.

ஒரு மணி நேரம் உள்ளேயிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆளைக் கூட்டிவந்தால் இரண்டு பேருக்கும் ஜெயில். வெனான்சியோ காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டான். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து மண்ணில் காதை வைத்தபோது சத்தம் நின்றிருந்தது.

அம்மாவிடம், அண்ணன் வடக்கே அமெரிக்காவுக்குப் போய்விட்டான் என்று சொன்னான். ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் போயிருந்தார்கள். அவளும் நம்பினாள். ஆனால் ஒன்று கேட்டாள்.

"சொல்லாமக் கொள்ளாமப் போறவன் யாரு மேலயாவது கோவிச்சுக்கிட்டுத்தான்டா போவான். யாரு மேல?"

"யாரு மேலயும் இல்லம்மா."

கல்லறைத் திருநாள் நெருங்கும்போதெல்லாம் இதைக் கேட்பாள். அன்றைக்குச் செத்தவர்களுக்காகக் கறுப்புச் சோளத்தில் கஞ்சி காய்ச்சி, சுரைக்குடுக்கைகளில் ஊற்றி வைப்பாள். அதில் ஒரு குடுக்கையை வெனான்சியோ யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்து பொந்தின் வாயில் வைப்பான். மறுநாள் காலியாக இருக்கும். ஏதாவது மிருகம் குடித்திருக்கும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் மனசு கொஞ்சம் ஆறும்.

இப்போது தலைநகரத்திலிருந்து தொல்லியல்காரி மரிசேலா, பொந்தைத் திறக்க உத்தரவோடு வந்துவிட்டாள். எலும்பு வெளியே வந்தால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று மூன்று நாளாக யோசிக்கிறான்.

கல் புரட்டிய கோயோ பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எங்கப்பா உன் பாம்பு? அதுவும் அமெரிக்காவுக்குப் போயிருச்சா?"

மற்றவர்களும் சிரித்தார்கள். வெனான்சியோவும் சிரித்துவைத்தான்.

கோயோவும் மரிசேலாவும் உள்ளே போய் அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு மரிசேலாவின் குரல் கேட்டது. அது பொந்துக்குள்ளிருந்து வரவில்லை. கோபுரத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தது.

"எல்லாரும் இங்க வாங்க!"

கிழக்குச் சரிவில், ரமோன் மரத்தின் வேர்களுக்கு நடுவே அவள் தலை மட்டும் தெரிந்தது. முடியெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு மண்.

"யாரோ ஒருத்தன் உள்ள மாட்டியிருக்கான். பின்பக்கமா நாலு மீட்டர் குடைஞ்சு, இந்த வழியா மேல ஏறித் தப்பிச்சிருக்கான். அப்புறம் வேர் வளர்ந்து மூடிக்கிச்சு."

"எலும்பு?" வெனான்சியோ கேட்டுவிட்டான்.

"எலும்பு ஏது? ஒரு கடப்பாரைதான் கிடக்கு."

முதலில் வந்தது சந்தோஷம்தான். அண்ணன் சாகவில்லை. இத்தனை வருடமாகச் சொன்ன பொய் பொய்யே இல்லை, அவன் உயிரோடு எங்கேயோ போயிருக்கிறான். வெனான்சியோவுக்கு அந்த மரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கோயோ பின்னாலேயே ஏறிவந்து கையைத் தட்டிக்கொண்டான்.

"இந்தக் கல்லைக் குடைய மூணு நாளாவது ஆயிருக்கும் மேடம். இந்த வேலைக்குத் தனியா எவனும் வரமாட்டான். கூட வந்த படுபாவி வெளிய நின்னு அரை நாள் மண்ணு அள்ளியிருந்தாப் போதும்."

வெனான்சியோ தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டான்.

மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் உட்கார்ந்து கறுப்புச் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். திருநாளுக்கு இன்னும் ஐந்து நாள்தான். அவன் சட்டையில் இருந்த வெள்ளை மண்ணைத் தட்டிவிட்டாள். தட்டிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"அவன் யாரு மேலடா கோவிச்சுக்கிட்டுப் போனான்?"

வெனான்சியோ அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஒரு கதிரை எடுத்துப் பாதிவரை உதிர்த்தான்.

"எம் மேலதாம்மா."