அண்ணன் வீட்டுக்குப் போங்கள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அந்த எழுத்தாளர் காலையில் சிமென்ட் கம்பெனிக்கு ஆண்டறிக்கை எழுதுவார். மத்தியானம் பெண்கள் பத்திரிகைக்குக் கேள்வி பதில். கடிதம் வராத வாரம் கேள்வியையும் அவரே எழுதிக்கொள்வார். அப்படித்தான் கணவனின் குறட்டை தாங்காத ஒருத்தியைக் கற்பனை செய்து, "அண்ணன் வீட்டுக்குப் போங்கள்" என்று பதில் போட்டார்.

பத்திரிகை வந்த அன்றே அவள் பெட்டியோடு வந்து நின்றாள்.

"நீங்க சொன்னபடியே வந்துட்டேண்ணே. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"தங்கச்சி இருக்கான்னு ஒரு நாளாவது மூச்சு விட்டீங்களா?" என்று மனைவி எகிறினாள்.

"ஐயோ, இவ நான் எழுதுன கேள்விம்மா!"

"புளுகாதீங்க. நானும் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்."

எழுத்தாளர் கெஞ்சிக் கூத்தாடி மனைவியை நிறுத்தினார்.

அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.