வலது முன்சக்கரம்

ஹெட்போனுக்குள் கொசு தும்மியது போல ஒரு சத்தம். மெக்கானிக் பொத்தானை அமுக்கினார்.

அதைவிடச் சின்னதாய் இன்னொன்று. அதற்கும் அமுக்கினார்.

பீரோவைவிடக் கொஞ்சம் பெரிய அறை. சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்திவிட்டால் வெளியே உலகம் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கும் பெண். அவள் பின்னால் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி மகள்.

எல்லாம் ஒரு பேரிங்கால் வந்த வினை.

மகளின் காரில் வலது முன்சக்கரப் பேரிங் போகப்போகிறது என்று போன வாரம் சொன்னார். வேகம் ஏறினால் முனகுகிறது, இடது பக்கம் திருப்பினால் முனகல் கூடுகிறது. நாற்பத்தோரு வருஷம் இப்படிப்பட்ட முனகல்களைக் கேட்டுத்தான் மகளையே படிக்க வைத்தார்.

மகளுக்குக் கேட்கவில்லை. மருமகனுக்குக் கேட்கவில்லை. பட்டறையின் புது முதலாளி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, காரைப் பார்க்காமல் இவரைப் பார்த்தான்.

"எழுபத்திமூணு வயசுல காதுக்குள்ள என்னென்னமோ கேக்கும் பெரியவரே. ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. ரிப்போர்ட் சரியா இருந்தா தாராளமா பட்டறைக்கு வாங்க."

அதனால்தான் இந்தப் பஞ்சு அறை.

எட்டாம் வகுப்பை மூன்று தடவை எழுதியும் கோட்டை விட்டவருக்கு, இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு நிச்சயம் என்று தோன்றியது. மெஷினுக்குள் எங்கோ ஒரு விசிறி உரசியது. கேட்டால் அமுக்கச் சொன்னார்கள், அமுக்கினார். அந்தப் பெண்ணின் நாற்காலியில் ஒரு திருகாணி லூஸ். அதற்கும் ஓர் அமுக்கு.

அவள் மைக்கை அணைக்க மறந்திருந்தாள்.

"நான் சத்தமே குடுக்காதப்பவும் அமுக்குறாருங்க. சொன்னது புரியல போல. மறதி ஏதாவது இருக்கா? மூளை டாக்டருக்கு எழுதித் தரட்டுமா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெக்கானிக்கின் கட்டைவிரல் பொத்தான் மேலேயே நின்றுவிட்டது.

காது போனால் பட்டறை மட்டும்தான் போகும். புத்தி போனதென்று எழுதிவிட்டால், தனியாகத் தெருமுனைக்குப் போவது, அடுப்பு பற்றவைப்பது, கையெழுத்து எல்லாம் போகும். பக்கத்து வீட்டு வாத்தியாருக்கு அப்படித்தான் ஒவ்வொன்றாய்ப் போனது. இப்போது மிச்சமிருப்பது வெளியே தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை.

"தாத்தா! சத்தம் கேட்டா மட்டும்தான் அமுக்கணும்! சரியா? சமத்தா செய்யணும்!"

இரண்டாவது சுற்று. கொசு தும்மியது. கண்டுகொள்ளவில்லை. பூனை நடந்தது. பேசாமல் இருந்தார். லாரி ஹாரன் போல ஒன்று வந்தபோது மட்டும், கொஞ்சம் யோசிப்பது போல நடித்துவிட்டு அமுக்கினார்.

"இப்பதான் புரிஞ்சிருக்கு," என்றாள் அந்தப் பெண். "பயப்படாதீங்க. வயசுக்கேத்த காது, அவ்ளோதான்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

திரும்பும்போது அவர் காதுகளில் மொச்சை அளவில் பக்கத்துக்கு ஒரு கருவி, மடியில் அதன் குட்டிப் பெட்டி. கருவியின் புண்ணியத்தில் பேரிங்கின் முனகல் இரண்டு மடங்காகியிருந்தது. அதற்குள் மணல் அரைபடுவது போல ஒரு புதுச் சத்தமும். இன்னும் ஒரு வாரம் தாங்கினால் அதிகம். நாளைக்குக் காலையில் இவள் இதே காரில், நெடுஞ்சாலையில், நூறில் போவாள்.

"அந்தச் சத்தம் இன்னும் கேக்குதாப்பா?"

கேட்ட குரலில் பயம் இருந்தது.

"சுத்தமா நின்னுபோச்சும்மா," என்றார். "கடைத்தெரு வழியாப் போயேன். வேடிக்கை பாத்துக்கிட்டே போலாம்."

"குழந்தை மாதிரி ஆயிட்டீங்கப்பா," என்று மகள் காரைத் திருப்பினாள்.

கடைத்தெருவில் எந்தக் காரும் இருபதைத் தாண்டாது.

வீட்டு வாசலில் இறங்கியதும், கதவைப் பூட்டுகிறேன் என்று கார் சாவியை வாங்கிக்கொண்டார். வீட்டில் இருப்பது அந்த ஒரு சாவிதான். இன்னொன்றைப் போன வருஷமே மருமகன் தொலைத்துவிட்டார். அவரை யாரும் எந்த டெஸ்ட்டுக்கும் அழைத்துப் போகவில்லை.

மறுநாள் காலை, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று மகள் வீட்டையே புரட்டிப்போட்டாள். கடைசியில் அவருடைய நாற்காலி முன் வந்து குனிந்தாள்.

"அப்பா, நேத்து கார் சாவிய நீங்கதான வாங்குனீங்க? எங்கப்பா வச்சீங்க?"

அவர் மடியிலிருந்த கருவிப் பெட்டியின் மூடியை ஒருமுறை அழுத்திச் சரிபார்த்துக்கொண்டார்.

"எந்தச் சாவி?" என்றார்.