சாலை வழியாக வந்தவன்

பெங்களூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், சாலையில் ஏழு. அப்பாவின் சாவுக்குக் கிளம்பிய மோகன்குமார் விமானத்தைத் தவறவிட்டு, காரில் வருவதாகப் போன் செய்தான்.

“பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும்,” என்றார்கள் பழவேற்காட்டு வீட்டில் கூடியிருந்த உறவினர்கள்.

“எம்புள்ள வராம யாரும் அவரைத் தொடக்கூடாது.” அமுதவல்லி கணவனின் தலைமாட்டை விட்டு அசையவில்லை.

சற்று நேரத்தில் மோகன்குமார் வந்தான். எப்படி இத்தனை சீக்கிரம் என்று யாரும் கேட்கவில்லை. தீச்சட்டி ஏந்தி நடந்தான். கொள்ளி வைத்துவிட்டு ஏரியில் முழுகப் போனான்.

இருட்டும் நேரத்தில் வாசலில் கார் நின்றது. மோகன்குமார் இறங்கி ஓடிவந்தான்.

“நைனாவை எடுத்துட்டீங்களாம்மா? யாரு கொள்ளி வெச்சது?”

அமுதவல்லி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீதான்டா வெச்சே. யாரு கேட்டாலும் அப்டியே சொல்லு.”

முழுகப் போய் இன்னும் திரும்பாதவனுக்கும் சேர்த்து இரண்டு இலை போட்டாள்.