யாருக்கு யார் அனுபானம்?

மூன்று நல்லவர்கள் நடுவே ஒரு போக்கிரி புகுந்தால், திருந்துவது யார், கெடுவது யார்? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

சிறுமி முகிலா தினமும் மோர் குடிக்கும் கண்ணாடித் தம்ளரில், அன்று அவள் அப்பா தான் வழக்கமாகக் கலக்கும் கோலாவுக்குப் பதிலாக இளநீர் ஊற்றினார். எலுமிச்சை பிழிந்து, தேன் விட்டார். கடைசியில் ரம் வந்து விழுந்தது.

"ஐயோ, இனி நான் மோர்த் தம்ளரா, சாராயத் தம்ளரா?" என்று தம்ளர் பதறியது.

"பயப்படாதே தம்பி," என்றது ரம். "வைத்தியர் மருந்தைத் தேனில் குழைத்துத் தருவாரே, அந்தத் தேனுக்கு அனுபானம் என்று பெயர். இதோ, எனக்கும் தேன் இருக்கிறது. அப்படியானால் நான் மருந்துதானே!"

"என்னைக் கேட்காமல் என்னை அனுபானம் ஆக்காதே அண்ணே," என்று தேன் சிணுங்கியது. "உன்னோடு சேர்ந்ததும் எனக்கே தலை சுற்றுகிறது."

"எனக்குப் புளிப்பே மறந்துபோச்சு," என்றது எலுமிச்சை.

தம்ளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இளநீரும் மணந்தது, ரம்மும் மணந்தது. அதற்குள் முகிலா மோர் குடிக்க ஓடி வந்தாள். நான் யாரென்று இவளே சொல்லட்டும் என்று தம்ளர் காத்திருந்தது.

முகிலா முகர்ந்து பார்த்தாள். பிறகு எவர்சில்வர் தம்ளரை எடுத்துக்கொண்டாள்.